இரண்டாம் மதிப்பீட்டாளர்

குற்றவியல் அறிஞர்கள் இருநூறு பேர் கூடியிருந்த கட்டடத்தில் மாப்பிள்ளையின் குடை திருட்டுப் போயிருந்தது.

"சிரிக்காதீங்க அத்தை. 'சிறு திருட்டும் சமூகமும்'னு ஒரு அமர்வு நடந்துச்சே, அந்த அறை வாசல்லதான் சாத்தி வெச்சேன்."

"நான் சிரிக்கலை மாப்பிள்ளை. மழையே இல்லாத நாள்ல குடை எதுக்குன்னுதான் யோசிக்கிறேன்."

"உங்க பொண்ணு குடுத்து அனுப்பினா. அவகிட்ட வேணாம்னு சொல்ற தைரியம் இருந்தா நான் எதுக்கு உங்ககிட்ட வேலை பார்க்கப் போறேன்?"

அந்த அம்மாளை ஊரில் எல்லோரும் ஸ்டெனோ என்றுதான் அழைத்தார்கள். செஷன்ஸ் நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் சாட்சிகளின் வாக்குமூலங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர். ஒரு நாள், பொய்யைப் பிழையில்லாமல் எழுதிக்கொடுப்பது அலுத்துவிட்டது என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறியும் நிலையம் திறந்தார். உதவியாளர் ஒரே ஒருவர், ஒரே மகளின் கணவர். மருமகனை வேலை வாங்க வேண்டும், மரியாதையும் குறையக் கூடாது. அதனால் திட்டும்போதுகூட 'வாங்க, போங்க' என்றுதான் திட்டுவார்.

கருத்தரங்கின் கடைசி நாள். நான்காம் எண் அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மேசையின் மறுபக்கம் ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு அவள் கட்டுரை வாசிக்க வேண்டும். காகிதக் கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த சாட்சி கதவைத் திறந்தாராண்ணா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள்.

"ஒரு சாண் திறந்தாரு. சங்கிலி மாட்டியிருந்துச்சு. அவரோட அக்கா வீடு. பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய அச்சகத்துக்குப் பின்னாடி. 'யாரு என்னைக் காட்டிக் கொடுத்தாங்கன்னு தெரியாம நான் எங்கயும் வர மாட்டேன்'னுட்டாரு. 'அந்தப் பொண்ணு இல்லைங்க'ன்னு சொன்னேன். 'அது ஒருத்திகிட்டதானே சொன்னேன்'னு கதவைச் சாத்திட்டாரு."

மாணவியின் முகம் இறுகியது.

விஷயம் இதுதான். நீதிமன்றத்தில் பொய் சாட்சி சொன்ன பதினொரு பேரை அவள் பேட்டி கண்டிருந்தாள். ஆய்வு விதிப்படி யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அதில் ஏழாம் நபர் ஒரு லிஃப்ட் இயக்குபவர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு விடுதியில் கொலை நடந்தது. லிஃப்ட் கதவு திறந்தபோது மூன்றாம் மாடியில் ஒரு டிரைவரைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவர் அவர். உண்மையில் அன்றைக்கு லிஃப்டே ஓடவில்லை, பழுது. அந்த சாட்சியால் டிரைவர் ஒன்பது வருடமாகச் சிறையில் இருக்கிறார். மாணவியிடம் மனம் திறந்த பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஏழு முடிவு செய்தார். எந்த சாட்சி மாறப்போகிறார், இப்போது எங்கே வேலை செய்கிறார் என்பதை டிரைவரின் வக்கீல் ரகசியமாக வைத்திருந்தார். மறு விசாரணை வருகிற திங்கட்கிழமை. இன்று வெள்ளி.

பன்னிரண்டு நாளுக்கு முன் அவர் வேலை செய்யும் கட்டடத்து வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் மகள் படிக்கும் பள்ளியின் பெயரையும் சொன்னார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் ஏழு காணாமல் போனார். இன்று காலைதான் மாப்பிள்ளை அவரைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார்.

"திங்கட்கிழமை அவர் கூண்டுல ஏறலைன்னா டிரைவர் வெளியே வர மாட்டாரும்மா" என்றாள் மாணவி. "அவரோட மனைவி தினமும் எனக்கு போன் பண்ணி, 'சாட்சி வருவாரா'ன்னு கேட்கிறாங்க. நான் என்ன சொல்றது?"

"பேட்டியை யாரெல்லாம் படிச்சாங்க?"

"யாருமே இல்ல. பீரோவுல பூட்டி வெச்சிருக்கேன். சாவி என் கழுத்துல."

"உன் நெறியாளர்?"

"சார் கேட்டதே இல்லம்மா. கேட்கக் கூடாதுங்கிறது விதி. 'எனக்குக்கூடக் காட்டாதே'ன்னு சொன்னவரே அவர்தான்."

ஸ்டெனோ தலையசைத்தார். சாரை அவருக்குத் தெரியும். இன்று துறைத் தலைவர், இந்தக் கருத்தரங்கின் அமைப்பாளர். முன்பு பேர்பெற்ற அரசு வழக்கறிஞர். அவருடைய விசாரணைகளைப் பதினைந்து வருடம் எழுதியவர் ஸ்டெனோ. துப்பறியும் நிலையம் திறந்தபோது, 'இவரை நம்பலாம்' என்று ஊரில் நாலு பேருக்குக் கடிதம் எழுதித் தந்தவரும் அவர்தான். அழுதுகொண்டிருந்த மாணவியை ஸ்டெனோவிடம் அனுப்பிவைத்ததும் அவரே.

"அப்போ வெளியே போனது கட்டுரை மட்டும்தான்" என்றார் ஸ்டெனோ.

"அதுல எல்லாத்தையும் மறைச்சிருக்கேன். தொழில், ஊர், வருஷம் எதுவும் இல்ல. பேர் தெரியாத ரெண்டு மதிப்பீட்டாளருக்கு அனுப்பினாங்க. என் பேரு அவங்களுக்குத் தெரியாது, அவங்க பேரு எனக்குத் தெரியாது. முதல் ஆளு 'நன்று'ன்னு ஒரே வார்த்தை. ரெண்டாவது ஆளு மூணு தடவை திருப்பி அனுப்பினாரு. சந்தேகம் கேட்டு."

"எங்க வீட்டுலயும் ஒரு ரெண்டாவது மதிப்பீட்டாளர் உண்டு" என்றார் மாப்பிள்ளை. "சாம்பாரை மூணு தடவை திருப்பி அனுப்புவா."

"மாப்பிள்ளை."

"சரிங்க அத்தை."

"எல்லாரும் ரெண்டாவது ஆளைத் திட்டுவாங்க" என்றாள் மாணவி. "நான் திட்டலை. என் எழுத்தை இவ்வளவு அக்கறையா ஒருத்தர் படிக்கிறாரேன்னு சந்தோஷப்பட்டேன். எல்லாத்துக்கும் பதில் எழுதினேன்."

"அந்தத் தாள்களைக் குடு."

மூன்று தாள்கள். ஸ்டெனோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் தாளில் இப்படி இருந்தது:

'ஏழாம் நபர் பணிபுரிந்த கட்டடம் பல மாடிகள் கொண்டதா? அவருடைய வேலை முறை வைத்து நடப்பதா? நன்றி, ஆசிரியர் தெளிவாக எழுதுகிறார். ஒரு சிறு ஐயம் மட்டும்: சம்பவ நேரத்தில் அவர் நின்றுகொண்டு வேலை செய்தாரா, உட்கார்ந்தா?'

மாணவி எழுதியிருந்த பதில்: ஆம். ஆம். உட்கார்ந்து, ஒரு முக்காலியில்.

இரண்டாம் தாள்: 'இன்றும் அதே தொழிலில் இருக்கிறாரா? குடும்பத்தோடு வசிக்கிறாரா? நன்றி, இந்தப் பகுதி தெளிவு. ஒரு சிறு ஐயம்: பேட்டி நடந்த பொது நூலகத்துக்கு அவர் எப்படி வந்தார்?' ஆம். ஆம். வேலை முடிந்து நேராக, பத்து நிமிடம் நடந்து.

மூன்றாம் தாள்: 'எல்லாப் பேட்டிகளும் ஒரே கிழமையிலா? அது அவருடைய ஓய்வு நாளுக்கு முந்தைய நாளா? நன்றி, தெளிவு. ஒரு சிறு ஐயம்: எந்தக் கிழமை?' ஆம். ஆம். செவ்வாய்.

ஸ்டெனோ தாளைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, பல மாடிக் கட்டடத்துல, முறை வெச்சு, முக்காலியில உட்கார்ந்து செய்யற வேலை என்ன?"

"லிஃப்ட்டு."

"இந்த ஊர்ல இன்னும் லிஃப்டுக்கு ஆள் வெச்சிருக்கிற கட்டடம் எத்தனை?"

"மூணு இருக்கும். நாலுன்னா அதிகம்."

"நூலகத்துல இருந்து பத்து நிமிஷ நடை?"

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் மாப்பிள்ளை.

"புதன்கிழமை ஓய்வு எடுக்கிற ஆளு" என்று முடித்தார் ஸ்டெனோ. "அவ்வளவுதான். மேற்பார்வையாளர்கிட்ட ஒரு போன் போட்டா பேரு வந்துடும்."

மாணவி தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான்தான் சொல்லியிருக்கேனாம்மா?"

"உன்கிட்ட இருந்து எடுத்திருக்காங்க. அது வேற" என்றார் ஸ்டெனோ. ஆனால் அவர் குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

மதிப்பீட்டாளர் பட்டியல் கருத்தரங்க அலுவலகத்தில், ஒரு சிவப்புக் கோப்பில் இருந்தது. அதைக் காட்டும் அதிகாரம் அலுவலக அம்மாவுக்கு இல்லை. மாப்பிள்ளை போய், தொலைந்த குடைக்குப் புகார் எழுதித் தர வேண்டும் என்றார். புகார்ப் படிவம் என்று ஒன்று இந்தக் கட்டடத்திலேயே கிடையாது. குற்றவியல் கருத்தரங்கில் புகார்ப் படிவம் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று அவர் விளக்க விளக்க, அந்த அம்மா எழுந்து யாரையோ கூப்பிடப் போனார். கோப்பு மேசையிலேயே இருந்தது.

"பார்த்துட்டேன்" என்று மூச்சு வாங்கத் திரும்பி வந்தார் மாப்பிள்ளை. "ரெண்டாம் மதிப்பீட்டாளர், ஓய்வுபெற்ற காவல் கண்காணிப்பாளர். நேத்து முதல் வரிசையில உட்கார்ந்து தூங்கினாரே, அந்தப் பெரிய மீசை. அத்தை, அந்த விடுதிக் கொலையை விசாரிச்சதே அந்த மீசைதான்!"

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சாட்சியைக் கொண்டுவந்த போலீஸ்காரர், சாட்சி மாறினால் தலைகுனிய வேண்டியவர்.

"சார்கிட்ட சொல்லிடலாமாம்மா?" என்றாள் மாணவி. "பாதுகாப்புக்கு ஆள் போடச் சொல்லி மேலிடத்துல பேசுவாரு."

"சொல்லு" என்றார் ஸ்டெனோ. "ஏழு கிடைச்சுட்டாருன்னு சொல்லு. எங்க இருக்காருன்னும் சொல்லு."

அவள் ஓடினாள்.

மீசையைச் சாப்பாட்டு வரிசையில் பிடித்தார்கள். தட்டில் சோறு மலைபோல் இருந்தது.

"மதிப்பீடா? நானா?" வயிறு குலுங்கச் சிரித்தார். "அம்மா, எனக்குப் பேப்பர்ல தலைப்புக்கு மேல படிக்கிற வழக்கமே இல்ல. உங்க சார் போன் பண்ணினாரு. 'மதிப்பீட்டாளர் வரிசையில உங்க பேரைப் போட்டுக்கட்டுமா, கருத்தரங்குக்கு ஒரு கனம் வரும்'னாரு. போட்டுக்கோன்னேன். சான்றிதழ்கூட வந்துச்சு, நாலு கட்டுரையை மதிப்பிட்டேனாம்! பையிலதான் இருக்கு, பார்க்கிறீங்களா?"

"அப்போ உங்க பேர்ல வர்ற கட்டுரையை யாரு படிப்பாங்க?"

"அது அவரு பாடு. இங்க பாதிப் பேரு அப்படித்தான்."

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி அத்தையைப் பார்த்தார். ஸ்டெனோ கையில் இருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தபோது ஓரத்தில் பென்சிலால் அவரே அறியாமல் ஏதோ குறித்திருந்தார். மூன்று தாளிலும், 'நன்றி, தெளிவு' என்ற இடத்துக்கு நேராக ஒரு சின்ன வளைவும் ஒரு புள்ளியும்.

அது எந்தச் சுருக்கெழுத்துப் புத்தகத்திலும் இல்லாத குறி. அவரே உண்டாக்கியது. ஒரே ஒரு வழக்கறிஞருக்காக. ஆம் என்று மட்டுமே சொல்லக்கூடிய இரண்டு கேள்விகளை முதலில் கேட்பார். பிறகு சாட்சியைப் பார்த்து, 'நன்றி, தெளிவா சொன்னீங்க' என்பார். சாட்சியின் தோள் தளரும். அப்போது, 'ஒரு சின்ன சந்தேகம்' என்று ஆரம்பிப்பார். ஒரு நாளில் முப்பது தடவை வரும் அந்த நன்றியை முழுதாக எழுத நேரமில்லாமல்தான் அந்தக் குறி பிறந்தது. நீதிமன்றத்தில் அந்த வழக்கறிஞருக்கு 'ஊசி' என்று பெயர். போடும்போது வலிக்காது.

"இது மதிப்பீடு இல்ல மாப்பிள்ளை" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "குறுக்கு விசாரணை. தாள்ல கையெழுத்து இல்லைன்னாலும் இது சாரோட கேள்விதான். பதினைஞ்சு வருஷம் நானே எழுதியிருக்கேன்."

பிறகு மீசையிடம் திரும்பினார். "விடுதிக் கேஸ்ல அரசுத் தரப்புல வாதாடினது வேற ஒருத்தர்னு தீர்ப்புல இருக்கு. லிஃப்ட்காரருக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

மீசை வாயில் இருந்ததை விழுங்கினார். "சொல்லிக் குடுக்கிறதுன்னு ஏன் சொல்றீங்க? நல்ல சாட்சிக்கும் ஒத்திகை வேணும்ல? நான் ஆளைக் கொண்டுவந்து விட்டேன், அவ்வளவுதான். மூணு நாள் உட்கார வெச்சுப் பேசினது உங்க சார். அவர் பேரு எந்தக் காகிதத்துலயும் வராது. ரொம்ப மரியாதையா பேசுவாரு, ஒவ்வொரு பதிலுக்கும் நன்றி சொல்லி."

மாணவி தாழ்வாரத்தில் எதிரே வந்தாள். முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு. "சொல்லிட்டேன்மா. முகவரியையே எழுதிக் குடுத்துட்டேன். உடனே ஆள் அனுப்பறேன்னு சொல்லிட்டாரு."

மாப்பிள்ளை ஒரு நொடிகூட நிற்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் இரண்டிரண்டாக இறங்கினார். வழக்கமாகச் சொல்லும் ஒரு கிண்டலைக்கூடச் சொல்லவில்லை.

ஸ்டெனோ அவளை உட்கார வைத்துச் சொன்னார். அவள் முதலில், "இல்ல" என்றாள். பிறகு, "சார் இல்லம்மா, வேற யாராவது இருக்கும்" என்றாள். பிறகு அந்தக் குறியைப் பார்த்தாள், மூன்று தாளையும் வரிசையாக வைத்துப் படித்தாள்.

"எனக்கு அப்பா இல்ல" என்றாள். "படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போறேன்னு வீட்ல சொன்னப்போ, சார் வீட்டுக்கே வந்து அம்மாகிட்ட பேசினாரு."

"எனக்கு அவர் குடுத்த கடிதம் ஆபீஸ்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு" என்றார் ஸ்டெனோ. "உன்னை என்கிட்ட எதுக்கு அனுப்பினாருன்னு இப்பதான் புரியுது. ஓடிப்போன ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுக்க. நானும் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேன். உன்னையும் நானே அனுப்பி வெச்சேன்."

மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்தது. அமர்வுத் தலைவராக சாரே மேடையில் இருந்தார். நேரம் முடிவதைக் காட்டும் மஞ்சள் அட்டை அவர் கையருகே. மேடையேறுமுன் ஸ்டெனோவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கிடைச்சுட்டானாமே. நன்றி. தெளிவா வேலை செய்வீங்கன்னு எனக்குத் தெரியும்."

"கத்துக்கிட்டது உங்ககிட்ட சார்" என்றார் ஸ்டெனோ.

இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது.

"அத்தை, கூட்டிட்டு வந்துட்டேன். வண்டியில ஏறவே மாட்டேன்னாரு, அவரோட அக்காதான் பிடிச்சுத் தள்ளினாங்க. நாங்க தெருமுனை திரும்பும்போது ஒரு கார் வந்து நின்னுச்சு. ரெண்டு பேரு. அதே ரெண்டு பேருங்கிறாரு இவரு. இப்ப பஸ் நிலையத்துல கூட்டத்துக்கு நடுவுல நிக்கிறோம்."

"போனை அவர் காதுல வைங்க. எடுக்க விடாதீங்க. கேட்கட்டும்."

போனை மடியில் திறந்து வைத்துக்கொண்டார். இன்னொரு கையில் பென்சில், குறிப்பேடு.

மாணவி ஒலிபெருக்கி முன்னால் வந்தாள். கட்டுரைக் கட்டை மூடி வைத்தாள்.

"என் ஆய்வில் ஏழாம் நபர் என்று ஒருவர் உண்டு. அவரை நான் எப்படிக் காட்டிக்கொடுத்தேன் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்றாள்.

ஒன்பது கேள்விகளையும் படித்தாள். ஒவ்வொன்றின் பின்னும் தன் பதிலைப் படித்தாள். முதல் தாள் முடிந்தபோது மண்டபத்தில் இருமல் சத்தம் கேட்டது. இரண்டாம் தாள் முடிந்தபோது அதுவும் நின்றது. அங்கே இருந்தவர்கள் வாழ்நாளெல்லாம் விசாரணையைப் படித்தவர்கள், அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் தாளின் நடுவே சார் மஞ்சள் அட்டையை உயர்த்தினார். அவள் நிறுத்தவில்லை.

"யார் அந்த மதிப்பீட்டாளர்?" என்று பின்வரிசையில் ஒரு பெண் குரல் கேட்டது.

"மதிப்பீட்டாளரின் பெயரை வெளியிடுவது மரபல்ல" என்றார் சார், புன்னகையோடு.

முதல் வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. மீசை எழுந்து நின்றார். "பட்டியல்ல என் பேரு இருக்காம். நான் ஒரு வரி எழுதலை. என் பேரைக் கேட்டு வாங்கினவர் மேடையில உட்கார்ந்திருக்காரு. என் தலையில கட்டாதீங்க."

மண்டபம் சலசலத்தது. மாணவி சார் பக்கம் திரும்பினாள். மேடைக்கான எழுத்துத் தமிழ் எல்லாம் அவளை விட்டுப் போயிருந்தது.

"ஏன் சார் என்கிட்ட நேரா கேட்கலை?"

சார் மஞ்சள் அட்டையைக் கீழே வைத்தார். கோபம் இல்லை, பதற்றமும் இல்லை. நல்ல விடை எழுதிய மாணவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் முன்னால் இருந்த ஒலிபெருக்கியில் அவர் குரல் எப்போதும்போல் மென்மையாக ஒலித்தது.

"நேரா கேட்டா நீ சொல்லியிருக்க மாட்டே. அப்படித்தானே உன்னைப் பழக்கினேன்? அவன் மாத்திச் சொன்னா யாருக்கு லாபம்மா? ஒரு டிரைவருக்கு. நான் ஜெயிச்ச நூறு கேஸையும் மறுபடி திறக்கணும்னு நாளைக்கு வரிசையில நிப்பாங்க."

ஸ்டெனோவின் பென்சில் நிற்காமல் ஓடியது. அந்தக் கைக்கு அவர் குரலின் வேகம் பழக்கம். அருகே உட்கார்ந்திருந்த பேராசிரியர்கள் இருவரிடம், கீழே முழு எழுத்திலும் எழுதிய தாளைத் திருப்பி, நேரத்தைக் குறித்து, "கேட்டதுக்குக் கையெழுத்துப் போடுங்க" என்றார். ஒருவர் போட்டார். மற்றவர் யோசித்துவிட்டுப் போட்டார்.

வெளியே வந்து போனைக் காதில் வைத்தார்.

"கேட்டீங்களா?"

மறுமுனையில் பேருந்துகளின் இரைச்சல். பிறகு ஏழின் குரல் வந்தது. "அதே குரல்தாம்மா. பேரு தெரியாது. மூணு நாள் கேட்ட குரல்."

"திங்கட்கிழமை வருவீங்களா?"

"வரேன். அந்த டிரைவர் முகத்தை ஒரு தடவை நேரா பார்க்கணும். உங்க மாப்பிள்ளை கூட இருப்பாரா?"

"இருப்பாரு. பேசிப் பேசியே உங்களைக் கொன்னுடுவாரு, ஆனா விட்டுட்டுப் போக மாட்டாரு."

"ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொண்ணு வர வேணாம்."

"அவளையும்தானே ஏமாத்தியிருக்காங்க?"

"தெரியும். எல்லாத்தையும் கேட்டேனே. ஆனா பதில் எழுதினது அதுதானேம்மா."

தொடர்பு அறுந்தது.

மாணவி மண்டபத்திலிருந்து வெளியே வந்து தூணில் சாய்ந்து நின்றாள். உள்ளே பல குரல்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. "என்ன சொன்னாரு?" என்றாள்.

முதல் பாதியை மட்டும் சொல்லலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஸ்டெனோ அவள் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வாக்குமூலத்தைக்கூட அவர் பாதியில் நிறுத்தி எழுதியதில்லை.

ஏழு சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.